விழுந்தால் மட்டும் திறக்கவும்

1.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அட்டன் பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் நின்றவர் கம்பியூட்டர் பழுது பார்க்கிறவர். மழையும் விடுகிற மாதிரி இல்லை, அவர் வாயும் விடுகிற மாதிரி இல்லை.

“இப்ப வர்ற லினக்ஸுல ஒரு வேலை பண்ணி வச்சிருக்கான் சேர்,” என்றார். “மிசின் ஏறும்போதே மெமரியில ஒரு துண்ட எடுத்து ஒதுக்கி வச்சிருது. நாம கேக்கவே வேணாம். அதுபாட்டுக்கு வச்சிருது. என்னைக்காவது பொத்துன்னு விழுந்தா, ஏன் விழுந்துச்சுன்னு எழுதி வைக்கிறதுக்கு.”

எனக்கு அப்படியே புல்லரித்துப்போனது. ஓடத் தொடங்கும்போதே, விழப்போகிற நாளுக்கென்று தன்னில் ஒரு பங்கை எடுத்து வைக்கிற ஒன்று! மனிதன் செய்வானா? நான் செய்ததில்லை. அவருடைய பஸ் வந்தது, போய்விட்டார். அவர் சொன்ன அந்த விஷயம் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.

‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரத்தில்...’ அடித்துவிட்டேன். கொட்டகலையில் மழை பெய்யாத பின்னேரம் இருந்தால் அதைச் சொல்லலாம். பெய்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் கதை எங்கே நகர்வது?

‘இயந்திரங்களுக்கும் மரணம் உண்டு. அதை அவை...’ அடடா, என்ன ஞானம்! இதையும் அடித்துவிட்டேன்.

‘யாரோ மெமரியைக் களவெடுத்துப் போட்டார்கள் என்று ஜெயரத்தினம் சேர் சத்தம் போட்டார்.’ இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்வோம்.

2.

சேர் சத்தம் போடுவதற்கு முன்னால், அவர் எங்கே நின்று போட்டார் என்று சொல்ல வேண்டும்.

கொட்டகலை கடைத்தெருவில் ஒரு பேக்கரி, அதன் மேல்மாடியில் ஒரு கம்பியூட்டர் நிலையம். வருடம் இரண்டாயிரத்து எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து ஆட்கள் படிக்கட்டும் என்று ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. கொடுத்ததில் முழுக் கம்பியூட்டர் ஒன்றே ஒன்றுதான், அது மூலையில் இருக்கும். மற்றவை வெறும் திரையும் விசைப்பலகையும். அவற்றுக்குச் சொந்தப் புத்தி கிடையாது, எல்லாப் புத்தியும் மூலையில் இருப்பதிடமிருந்து வயர் வழியாக வரவேண்டும். அதனால் மூலையில் இருப்பதற்குப் ‘பெரியம்மா’ என்று பெயர் விழுந்துவிட்டது. பெரியம்மா நடந்தால் எட்டுத் திரையும் நடக்கும். பெரியம்மா விழுந்தால் எட்டும் கறுத்துப்போகும்.

அங்கே சொல்லிக்கொடுக்கிறவள் ராக்காயி.*

* இருபத்தைந்து வயதுக் கம்பியூட்டர் டீச்சருக்கு ராக்காயி என்றா பெயர் வைப்பது என்று வாசித்துப் பார்த்த நண்பர் கேட்டார். குலசாமி பெயர், அப்பா வைத்தது. அன்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்தவர்கள் இன்று “மிஸ், பாஸ்வேர்ட் மறந்துபோச்சு” என்று அவளிடம்தான் வந்து நிற்கிறார்கள். பெயர் மாறாது.

ராக்காயிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. காலையில் படியேறும்போது கீழிருந்து வருகிற பாண் வாசம் பிடித்திருந்தது. பெரியவர்கள் மவுஸைப் பிடிக்கும்போது, எங்கே ஓடிவிடுமோ என்று கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடிப்பதும் பிடித்திருந்தது. பிடிக்காத ஒன்று, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான் எட்டு இருக்கையும் நிறையும். சாப்பாட்டு நேரம் கழித்துச் சற்றைக்கெல்லாம் பெரியம்மா விழுவாள். ஒரு சத்தமில்லை, ஒரு எச்சரிக்கையில்லை. எட்டுத் திரையும் ஒன்றாகக் கறுக்கும், எட்டுப் பேரும் “ஐயோ!” என்பார்கள். கீழேயிருந்து பேக்கரி முதலாளி தலையை நீட்டி, “அதத் வெட்டுணத மிஸ்?” என்று சிங்களத்தில் கேட்பார், இன்றைக்கும் விழுந்துவிட்டதா என்று. ராக்காயி ஆமாம் என்று தலையை ஆட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே ஒரு தட்டில் பணிஸ், அதாவது பன், அனுப்புவார். விழுகிற நாளெல்லாம் பணிஸ் உண்டு, அது ஒரு வழக்கமாகிவிட்டது.

ஏன் விழுகிறது? பெரியம்மா எழுந்தபிறகு ராக்காயி பதிவுகளைத் துருவுவாள். ஒன்றும் இருக்காது. விழுகிற கணத்தில் பெரியம்மாவுக்கு எழுத நேரமில்லை, எழுந்தபிறகு பழைய ஞாபகமில்லை. ஊமை கண்ட கனாதான்.

எட்டாவது இருக்கை மூலையில், பெரியம்மாவுக்குப் பக்கத்தில். அதில் மீனம்மா. றொசல்லைக்குப் பக்கத்துத் தோட்டத்தில், அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் ஆயா. நாற்பது தாண்டியவள். கம்பியூட்டர் சான்றிதழ் எடுத்தால் அந்தப் பிள்ளைக்காம்பராவுக்கே பொறுப்பாளர் ஆகலாம் என்று தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள். எடுக்காவிட்டால் வெளியிலிருந்து யாரோ ஒருவர் வருவார். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பரீட்சை, அதே அறையில், அதே பெரியம்மாவில். பரீட்சை நடுவில் பெரியம்மா விழுந்தால் எட்டுப் பேருக்கும் சான்றிதழ் இல்லை. அதைத்தான் ராக்காயி நினைத்து நினைத்துக் கவலைப்பட்டாள்.

3.

(இந்தப் பகுதியைக் காலியாக விட்டிருக்கிறேன். எழுத மறந்து அல்ல. கதை எங்காவது விழுந்தால் திறந்துகொள்ளலாம் என்று ஒதுக்கியிருக்கிறேன். இப்போதைக்கு நாலுக்குப் போங்கள்.)

4.

“யாரோ மெமரியைக் களவெடுத்துப் போட்டாங்கள்!”

ஜெயரத்தினம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர், நிலையத்துக்கு நிர்வாகி. முன்பு கணக்கு வாத்தியார், அதனால் எந்தத் தொகை குறைந்தாலும் அவருக்குத் தாங்காது. போன கிழமை ராக்காயி பெரியம்மாவுக்குப் புதுப் பதிப்பு லினக்ஸ் போட்டிருந்தாள். சேர் தற்செயலாகத் திரையில் மெமரி அளவைப் பார்த்தார். வாங்கும்போது இருந்ததில் எட்டில் ஒரு பங்கைக் காணவில்லை.

“பெட்டியைத் திறந்து பாத்தனீரோ பிள்ளை? ஆர் வந்தது இஞ்சை? கீழை பேக்கரிப் பெடியள் ஆரும் ஏறினவங்களோ?”

“ஐயோ சேர், பாண் சுடுறவங்க மெமரிய வச்சு என்னா பண்ணப் போறாங்க?”

பெட்டியைத் திறந்து பார்த்தாள். மெமரித் தகடு இருந்த இடத்தில் இருந்தது. பிறகு புதுப் பதிப்பின் அமைப்புகளுக்குள் போய்த் தேடினாள். அங்கே இருந்தது. ‘விழுந்தால் பதிவெடுக்க நினைவகம் ஒதுக்கு’ என்ற அர்த்தத்தில் ஒரு வரி, அதன் முன்னால் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஏற்கெனவே சரி போட்டிருந்தது. பதியும்போது எல்லாரையும் போல அவளும் ‘அடுத்தது, அடுத்தது’ என்று அழுத்திக்கொண்டே போயிருந்தாள்.

ராக்காயிக்கு முகம் மலர்ந்துபோனது. சேருக்கு விளக்கினாள். பெரியம்மா ஏறும்போதே அந்தப் பங்கைத் தனியாகப் பிரித்து வைத்துவிடும். அதற்குள் ஒரு குட்டி இயங்குதளம் தூங்கிக்கொண்டிருக்கும். பெரியது எதற்காகவும் அந்த இடத்தைத் தொடாது. பெரியது விழுந்தால் குட்டி விழித்து, விழுந்ததின் மனதில் கடைசியாக என்ன இருந்ததோ அதை அப்படியே எடுத்து டிஸ்க்கில் எழுதி வைக்கும்.

“அப்ப விழாத நாளிலை அந்த இடம் சும்மாவோ?”

“சும்மாதாங்க சேர்.”

“குதிரை கீழை விழுத்தினதும் போதாமல் குழியும் பறிச்ச கதையாவெல்லோ இருக்கு! சட்டியிலை இருந்தாத்தானே பிள்ளை அகப்பையிலை வரும்? எடுத்து விடும் அதை.”

சேர் சொன்னதில் நியாயம் இருந்தது. எட்டாவது திரை அன்றிலிருந்து இழுத்து இழுத்துத்தான் நடந்தது. மீனம்மா ஓர் எழுத்தைத் தட்டினால், அது வருவதற்குள் ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடும்.

ராக்காயி கெஞ்சினாள். “ஒரே ஒரு வாட்டி விழட்டுங்க சேர். ஞாயித்துக்கெழம எப்படியும் விழத்தான போவுது? என்னா ஏதுன்னு தெரிஞ்சதும் எடுத்துர்றேன். அந்த ஒரு நாளைக்கு மட்டும் மீனம்மா அக்காவ சனிக்கெழம காலையில வரச் சொல்றேன்.”

சனிக்கிழமை காலையில் பிள்ளைக்காம்பரா திறந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். ஒரு நாள்தானே என்று நினைத்தாள். அந்திப் பயிற்சிக்கு வந்திருந்த மீனம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “சரிங்க மிஸ்ஸு,” என்று படியிறங்கிப் போனாள்.

5.

பெரியம்மா விழவில்லை.

ஏழு பேரும் தட்டினார்கள். ராக்காயி கடிகாரத்தையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். வழக்கமான நேரம் வந்தது, போனது. “விழு ஆத்தா, விழு,” என்று உதட்டுக்குள் முணுமுணுத்தாள். முதலாளி கீழிருந்து கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். பணிஸும் வரவில்லை.

அடுத்த ஞாயிறும் விழவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. பெரியம்மா கல்லுமாதிரி நின்றாள். ஒரு நாளைக்கென்று அனுப்பப்பட்ட மீனம்மா சனிக்கிழமையும் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை.

சேர் கண்டுபிடித்துவிட்டார். “எட்டுப் பேர் பாரம் பிள்ளை. ஏழெண்டால் தாங்குது. இதுக்கு என்ன ஆராய்ச்சி? சோதினைக்கும் ஏழு பேரை வைப்பம். ஏழு பேராவது பாஸ் பண்ணட்டும்.”

எட்டு உட்கார்ந்தால் விழுகிறது, ஏழு உட்கார்ந்தால் விழவில்லை. யாரால் மறுக்க முடியும்? ராக்காயிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. விழுந்த பெரியம்மா வாயைத் திறந்து சொல்லாதவரை அது காரணம் இல்லை, ஊகம். ஆனால் அந்த ஊகத்தைச் சோதிக்க எட்டாவது ஆள் வேண்டும், ஒதுக்கிய பங்கும் வேண்டும். இரண்டும் சேர்ந்து பெரியம்மாவுக்குள் அடங்காது.

[இங்கே எனக்கு ஒரு ஆசை வந்தது. ராக்காயியின் அப்பா சோலைமலை கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை மொட்டையாக வெட்டும்போது, அது செத்துப்போகாமல் மூச்சு விட ஒன்றிரண்டு கொப்பை வெட்டாமல் விடுவார்கள். அவரைக் கொண்டுவந்து, கத்தியும் கையுமாக நிறுத்தி, “இந்தக் கொப்பு மாதிரித்தான் புள்ள...” என்று பேச வைக்கலாம். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். வேண்டாம். ரொம்பச் சுலபமாக வருகிறது, அதனால் சந்தேகமாக இருக்கிறது. அவரை வாசலிலேயே நிறுத்தி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். மனுசன் கோபித்துக்கொள்ளவில்லை.]

ராக்காயி திங்கட்கிழமை பின்னேரம் ரயிலேறி றொசல்லைக்குப் போனாள். அம்மாமார் இன்னும் மலையிலிருந்து இறங்காத நேரம். பிள்ளைக்காம்பராவின் கூரைச் சட்டத்திலிருந்து வரிசையாகத் தொட்டில்கள் தொங்கின. எல்லாவற்றிலும் பிள்ளைகள், எல்லாப் பிள்ளைக்கும் கழுத்துவரை போர்வை. சுவரோரம் ஒன்று மட்டும் காலி. அதிலும் துணி விரித்து, ஒரு போர்வை மடித்து வைத்திருந்தது.

“வா புள்ள,” என்றாள் மீனம்மா. வகுப்பில் மிஸ்ஸு, இங்கே புள்ள. “மழைல நனைஞ்சு வந்திருக்கியே, ஒக்காரு.”

ராக்காயி சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். பெரியம்மா விழப்போகிற நாளுக்கு ஓர் இடம் வேண்டும், அதைக் காலியாகத்தான் வைத்திருக்க வேண்டும், அதனால்தான் அக்காவின் இருக்கை...

மீனம்மா கேட்டுக்கொண்டே ஒரு தொட்டிலை ஆட்டினாள். கேட்டு முடித்தபின், காலித் தொட்டிலைக் கண்ணால் காட்டினாள்.

“அதப் பாத்தியா? எந்நேரமும் ஒண்ணு அப்படித்தான் கெடக்கும். காச்சல்னு ஒரு புள்ள வந்தா எங்க போடுறது? இத்தன புள்ளைங்க இருக்க ஏன் ஒண்ண சும்மா போட்டிருக்கேன்னு தொரை வந்தாலும் கேப்பாரு, கணக்கப்புள்ள வந்தாலும் கேப்பாரு. நான் எடுக்க மாட்டேன். நீ சொல்றது எனக்கு நல்லா வெளங்குது.” ஆட்டிய தொட்டிலைக் கையால் பிடித்து நிறுத்தினாள். “ஆனா இருக்குற புள்ளய எறக்கி விட்டுட்டுத் தொட்டியக் காலியா வைக்க மாட்டேன், ராக்காயி.”

ராக்காயிக்கு முகம் சிவந்துவிட்டது. மீனம்மா சூடாக ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். ராக்காயி அதை வாங்கிக் குடித்தாள், வேறென்ன செய்வாள்.

6.

இனி ஜெயரத்தினம் சேர். உண்மையைச் சொன்னால் அவரை வில்லனாக்க நான் முடிவு செய்திருந்தேன். கதைக்கு ஒருவர் குறுக்கே நிற்க வேண்டுமே! பரீட்சைப் பட்டியலில் மீனம்மாவின் பெயரை அவர் சிவப்பு மையால்... இப்படி ஒரு வரிகூட எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். ஏனென்று பாருங்கள்.

மறுநாள் ராக்காயி அவருடைய சிறிய அறைக்குப் போய், மீனம்மா சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொன்னாள். சேர் திரையைப் பார்த்தபடியே கேட்டார். அவருடைய மேசையிலும் ஒரு திரை இருந்தது. கணக்கில் வராத ஒன்பதாவது. அதில் அவர் நிலையத்து அலுவல் பார்ப்பார் என்பது ஊர் நம்பிக்கை. அவர் சீட்டு அடுக்குகிற விளையாட்டுத்தான் விளையாடுகிறார் என்பது ராக்காயிக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், பாண் கொண்டுவருகிறவர்களுக்கும் தெரியும். யாரும் அதை ஓர் இருக்கையாக நினைத்ததில்லை, சேர் உள்பட.

“ம்,” என்றார் சேர். அவள் வெளியே வந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சேரே வந்து நின்றார்.

“பிள்ளை, என்ரை அறையிலை கிடக்கிற உந்தத் திரையைக் கழட்டி விடும்.”

“ஏங்க சேர்?”

“கண்ணுக்குள்ளை குத்துது. வயசும் போச்சுதெல்லே.” பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “அதுகும் ஒரு ஆளின்ரை பங்கு மெமரி தின்னுதெண்டு எனக்கு இண்டைக்குத்தான் ஓடி வெளிச்சது,” என்றார்.

ராக்காயிக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. கட்டிப்பிடிக்கவில்லை, இது கொட்டகலை. ஓடிப்போய் வயரைக் கழற்றினாள். அன்று பின்னேரம் சேர் தன் மேசையில் நிஜச் சீட்டுக்கட்டை வைத்து அடுக்கிக்கொண்டிருந்தார், நிம்மதியாகத்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மீனம்மா வந்தாள். பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம். ஊதாச் சால்வையைப் போர்த்திக்கொண்டு தன் எட்டாவது இருக்கையில் உட்கார்ந்தாள். தட்டினாள். எழுத்து உடனே வந்தது. “ஆத்தாடி!” என்று வாய்விட்டுச் சிரித்தாள். ராக்காயியும் சிரித்தாள். எட்டு இருக்கையும் நிறைந்திருந்தது, ஒதுக்கிய பங்கும் பத்திரமாக இருந்தது. சாப்பாடு முடிந்தது. உடைந்த சன்னல் கண்ணாடி வழியாகப் பனிப்புகார் உள்ளே வரத் தொடங்கியது. ராக்காயி கரும்பலகைப் பக்கம் திரும்பி, மேலே ஒரு கோடு போட்டு, அதன் கீழே பரீட்சைக்கு வரக்கூடிய

3. (ஒதுக்கி வைத்தது)

கதை விழுந்துவிட்டது. பெரிய கதைசொல்லி பேச்சை நிறுத்திவிட்டார். நான் சின்னவன், இந்த இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவன். எனக்குப் பழமொழி தெரியாது. இருந்ததை இருந்தபடி சொல்கிறேன்.

ராக்காயி கரும்பலகைப் பக்கம் பார்த்து நின்றாள். சுண்ணக்கட்டி பலகையில் பட்டிருந்தது. ஜெயரத்தினம் தன் அறையில், கையில் ஒரு சீட்டுடன் இருந்தார்.

முதல் ஏழு திரையிலும் தோட்டத்து அதிபருக்கு எழுதும் பயிற்சிக் கடிதம் இருந்தது. எட்டாவது திரையிலும் அதே கடிதம். கடைசியாகத் தட்டிய வரி: ‘பிள்ளைகளுக்குப் போர்வை போதவில்லை.’

எட்டாவது இருக்கைக்காரியின் தோளில் சால்வை இல்லை.

சன்னலில் ஒரு கண்ணாடி இல்லை. பனிப்புகார் நேராக மூலைக்கு வந்தது. மூலையில் பெரியம்மாவின் விசிறி, குளிரில் பல் அடித்துக்கொள்வது போன்ற ஒரு சத்தம் போட்டது. அது அதற்கு வழக்கமான சத்தம்.

சால்வை பெரியம்மாவின் மேல் இருந்தது. தலை, முதுகு, இரண்டு பக்கமும். கீழ் ஓரம் நன்றாகச் செருகியிருந்தது, தூங்குகிற பிள்ளைக்குச் செருகுவது போல.

என் வேலை முடிந்தது. எழுதி வைத்துவிட்டேன்.

7.

மன்னிக்கவும், எழுந்துவிட்டேன். எங்கே விட்டேன்? ஆம், எட்டுத் திரையும் கறுத்தது, எட்டுப் பேரும் “ஐயோ!” என்றார்கள்.

ஒருத்தி மட்டும் “வந்துருச்சு!” என்று குதித்தாள். ராக்காயி. சுண்ணக்கட்டியை எறிந்துவிட்டு மூலைக்கு ஓடினாள். எல்லாரும் எழுந்து நெருக்கியடித்தார்கள். அந்தச் சந்தடியில் மீனம்மா, எப்போதும் போல, சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வழி விட்டு நின்றாள். இத்தனை ஞாயிறும் அப்படித்தான் எடுத்திருக்கிறாள். விழுந்தால் வகுப்பு முடிந்தது, ரயிலுக்குப் போக வேண்டுமே. பாட நேரத்தில் மூலையை யார் பார்த்தார்கள்? எல்லாருடைய கண்ணும் தங்கள் தங்கள் திரையில்.

பெரியம்மாவின் திரையில் குட்டி விழித்திருந்தது. வெள்ளை எழுத்துகள் மெதுவாக ஊர்ந்தன. விழுந்தவள் மனதில் இருந்ததையெல்லாம் அது அள்ளி அள்ளி டிஸ்க்கில் போட்டது. ராக்காயி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் பெரியம்மா தானாக எழுந்தாள். ராக்காயி பதிவைத் திறந்து கடைசி வரிகளுக்குப் போனாள். எழுதி முடிக்காமல் போன அந்தக் கடைசி வார்த்தைகள் முதல்முறையாக அங்கே இருந்தன. எல்லாம் ஒரே புலம்பல்: சூடு, சூடு, தாங்க முடியாத சூடு.

“என்னவாம் பிள்ளை? எட்டுப் பேர் பாரமாமோ?” என்று சேர் கேட்டார்.

“இல்லீங்க சேர். மெமரி தாராளமா இருந்திருக்கு. சூடுன்னு சொல்லுதுங்க.”

“சூடோ? இந்தக் குளிருக்குள்ளையோ?”

ராக்காயி பெரியம்மாவின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய பாண் மாதிரிக் கொதித்தது. காற்று வெளியேறுகிற கம்பி வலையில் ஒரு ஊதா நூல் மாட்டியிருந்தது. அதை எடுத்தாள். திரும்பினாள். மீனம்மாவின் சால்வையைப் பார்த்தாள்.

இப்போது ராக்காயி என்ன செய்வாள்? நூலை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு ‘விசிறி பழுது’ என்று சொல்லிவிடலாம். அப்படித்தான் ஒரு பிரதி எழுதினேன், நன்றாகவும் வந்திருந்தது. ஆனால் அதற்குள் மீனம்மா வாயைத் திறந்துவிட்டாள்.

“நாந்தான் மிஸ்ஸு.”

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“சன்னல்ல பனி வந்து நேரா அது மேலதான் வுழுது. நடுங்குற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் தூங்குற நேரமில்லையா... கை அதுபாட்டுக்குப் போத்திருச்சு. ஒவ்வொரு வாட்டியும் கை அதுபாட்டுக்குத்தான் போத்துச்சு.” சால்வை முனையைக் கையில் சுருட்டினாள். “அத்தன பேரு படிப்பையும் நான்தானா கெடுத்தேன்?”

ராக்காயிக்கு இப்போது எல்லாம் விளங்கியது. எட்டாவது இருக்கைதான் காரணம் என்று சேர் சொன்னது சரியாகிவிட்டது, ஆனால் என்ன ஒரு சரி! அன்றைக்கு மீனம்மாவை இறக்கிவிட்டதும் பெரியம்மா விழாமல் நின்றாளே, போர்த்திவிட ஆளில்லாமல்தான் நின்றிருக்கிறாள்.

“அக்கா,” என்றாள். “அது குளிருல நடுங்குற சத்தம் இல்லைங்க. மூச்சு விடுற சத்தம்.”

மீனம்மா பெரியம்மாவைப் பார்த்தாள், தப்பாகப் போர்த்திவிட்ட பிள்ளையைப் பார்ப்பது மாதிரி. “அடப் பாவமே! மூச்சு முட்டிருச்சா?”

முதலில் சிரித்தவர் ஜெயரத்தினம் சேர்தான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “இஞ்சை பாரும் மீனம்மா, கலங்காதையும். கம்பியூட்டருக்குக் குளிருமெண்டு போர்வை போத்தினதுக்கு ஆர் கோவிக்கிறது? எனக்கே ஒருதரும் போத்தினதில்லை.” அதோடு எல்லாரும் சிரித்தார்கள், கடைசியாக மீனம்மாவும். கீழேயிருந்து பணிஸ் வந்தது. விழுந்த நாளல்லவா, வழக்கம் வழக்கம்தான்.

8.

முடிவு.

முதல் பிரதியில், காரணம் தெரிந்துவிட்டதால் ராக்காயி அந்தக் கட்டத்தில் இருந்த சரியை எடுத்துவிடுகிறாள். கொடுத்த வாக்கு அதுதானே? சேருக்குத் திரை திரும்பக் கிடைக்கிறது, சீட்டு விளையாட்டும் கிடைக்கிறது. எல்லாருக்கும் சந்தோஷம். சுருக்கமான நல்ல முடிவு. நான் அதை எழுதிவிட்டுத் தூங்கப் போனேன், தூக்கம் வரவில்லை.

இரண்டாம் பிரதியில் ராக்காயி வயரைக் கையில் எடுத்துக்கொண்டு சேரின் அறைக்குப் போகிறாள்.

“மாட்டிரவாங்க சேர்?”

சேர் சீட்டை அடுக்கிக்கொண்டே, “சூடு எண்டு இப்ப தெரியும். நாளைக்கு என்னத்தாலை விழுமெண்டு தெரியுமோ?” என்று கேட்கிறார்.

“தெரியாதுங்க சேர்.”

“அப்ப உது கிடக்கட்டும். தெரியாததுக்குத்தானே பிள்ளை ஒதுக்கி வைக்கிறது.”

இந்தப் பிரதியை வைத்துக்கொண்டேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் நீங்கள் கேட்பது அதுவல்ல என்று தெரியும். மீனம்மா பாஸா, பொறுப்பாளர் வேலை கிடைத்ததா? எனக்குத் தெரியாது. கதையைப் பரீட்சை தொடங்குகிற நேரம்வரைதான் கொண்டுபோக முடிந்தது. எழுதி முடிந்ததும் மூன்றாம் பகுதியை மறுபடி காலி செய்து வைத்திருக்கிறேன். மீனம்மாவின் முடிவை நீங்களே எழுதி இங்கே, எட்டின் கடைசியில், சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றில் மட்டும் எழுதாதீர்கள். இடம் இருக்கிறதே என்று ஆசையாகத்தான் இருக்கும், இருந்தாலும் எழுதாதீர்கள்.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான். மாதக் கடைசி ஞாயிறு, பின்னேரம். எட்டு இருக்கையும் நிறைந்திருக்கிறது. உடைந்த சன்னலில் ஊதாச் சால்வை, நான்கு மூலையிலும் ஆணி அடித்து இழுத்துக் கட்டியிருக்கிறது. மீனம்மா தானே கொண்டுவந்து கட்டியது. பனிப்புகார் வெளியே நிற்கிறது. மீனம்மாவுக்குத்தான் இப்போது குளிர். ராக்காயி தன் சுவெட்டரைக் கழற்றி அவளுடைய தோளில் போட்டுவிட்டுக் கரும்பலகைப் பக்கம் போகிறாள். மீனம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையால் சுவெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, மறுகையால் முதல் எழுத்தைத் தட்டுகிறாள். பெரியம்மா மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள்.

வழக்கமாக விழுகிற நேரம் வருகிறது. கீழே பேக்கரி முதலாளி பணிஸ் தட்டைத் தயாராக வைத்துக்கொண்டு படிக்கட்டில் தலையை நீட்டுகிறார்.

“அதத் வெட்டுணத மிஸ்?”

ராக்காயி விரலை உதட்டில் வைத்து, சத்தம் வராமல் சொல்கிறாள்:

“தாம நே, முதலாளி.” இன்னும் இல்லை.